சேமிப்பகக் கட்டுப்படுத்திகளுக்கு முகவரி இடுதல்

பல வட்டுகளை ஒரே பெட்டியில் ஆள்வதும், சர்வர்கள் கேட்கும் தரவை எடுத்துக் கொடுப்பதும் சேமிப்பகக் கட்டுப்படுத்தியின் வேலை. அதைத் தேடிச் செல்ல முகவரி வேண்டும். அந்த முகவரியை இடும் பொறுப்பு காலப்போக்கில் கைமாறியிருக்கிறது: முதலில் பொறியாளர், பிறகு சுவிட்ச், பிறகு மறுபடியும் பொறியாளர்.

வட்டுகளைக் கணினியோடு இணைக்கும் முறையாக 1986-ல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்ட ஸ்கஸியில் ஒரு தடத்தில் 8 கருவிகளுக்கே இடம். எண்கள் 0 முதல் 7 வரை. வட்டில் 1, 2, 4 என்று மதிப்புள்ள மூன்று ஜோடி ஊசிகள் இருக்கும். எவற்றின் மேல் ஜம்பர் என்ற சிறு இணைப்பானைச் செருகுகிறோமோ அவற்றின் கூட்டுத்தொகைதான் வட்டின் எண். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் தடத்துக்குப் போட்டியிட்டால் பெரிய எண்ணே வெல்லும். கணினியின் அடாப்டருக்கு 7-ஐ ஒதுக்கும் வழக்கம் அதனால் வந்தது. பின்னர் 16 கருவிகளுக்கு இடம் விரிந்தபோது, பழைய வரிசையைக் குலைக்காமல் 8 முதல் 15 வரையிலான எண்களை 0-க்கும் கீழே வைத்தார்கள். தவறுதலாக இரண்டு வட்டுக்கு ஒரே எண் அமைந்தால் தடமே குழம்பிவிடும்.

1994-ல் தரமான ஃபைபர் சேனல் என்ற சேமிப்பக வலையில், உற்பத்தியாளரே ஒவ்வொரு கருவிக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத 64 பிட் பெயரை இட்டு அனுப்பினார். வலையில் நுழைந்ததும் சுவிட்ச் 24 பிட் முகவரி ஒன்றை வழங்கும். சுவிட்சின் எண்ணும் கேபிள் செருகிய இடமும் அதில் அடக்கம் என்பதால், கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் முகவரியும் மாறலாம். எச்பி-யூஎக்ஸ் இயங்குதளம் வட்டின் பாதையை வெகுகாலம் இந்த முகவரியோடு கட்டிவைத்திருந்தது; 2007-ல் வந்த 11ஐ மூன்றாம் பதிப்புதான் அந்த முடிச்சை அவிழ்த்தது.

ஸ்கஸி கட்டளைகளைச் சாதாரண ஐபி வலையில் அனுப்பும் ஐஸ்கஸி, 2004 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3720 ஆக வெளியானது. இதில் பெயர் வேறு, ஐபி முகவரி வேறு. பெயருக்குள் ஓர் ஆண்டும் மாதமும் வரும். பெயரிட்ட நிறுவனம் அந்த இணையக் களப்பெயரை வைத்திருந்த காலத்தை அது குறிக்கும். களப்பெயர் நாளை வேறொருவர் கைக்குப் போனாலும் பழைய பெயரோடு மோதல் வராது. இத்துறையில் இவ்வளவு முன்யோசனை அபூர்வம்.

பெட்டியை நிர்வகிக்க உதவும் வலைத் துளைக்கும் தனி முகவரி உண்டு. டெல் எம்டி3000ஐ பெட்டியின் இரண்டு கட்டுப்படுத்திகளும் முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி கிடைக்காவிட்டால் 192.168.128.101, 192.168.128.102 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும். அத்தகைய இரண்டு புதுப் பெட்டிகளை டிஎச்சிபி இல்லாத ஒரே வலையில் சேர்த்தால் மோதல் நிச்சயம். டிஎச்சிபி 1990களிலேயே வந்துவிட்டபோதும், நிர்வாகிகள் பலர் சேமிப்பகத்துக்கு நிலையான முகவரியைத்தான் கையால் இடுகிறார்கள். பழைமைப் பிடிப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. மின்தடைக்குப் பின் முதலில் எழ வேண்டியது சேமிப்பகம். முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரோ பல இடங்களில் அதே சேமிப்பகத்தின் வட்டில் கிடக்கும் மெய்நிகர் கணினி.

2016-ல் வெளியான, சேமிப்பகத்தை வலைவழி எட்டும் என்விஎம்இ ஓவர் ஃபேப்ரிக்ஸும் ஐஸ்கஸியைப் போலவே ஆண்டு, மாதம் தாங்கிய பெயர்முறையையே கைக்கொண்டது.