நால்வரில் இல்லாதவர்

என்.சி.இ.ஆர்.டி. 2006இல் வெளியிட்ட 11ஆம் வகுப்புச் சமூகவியல் பாடநூலில் இந்தியச் சமூகவியலாளர்களுக்கென ஓர் அத்தியாயம் உண்டு. குர்யே, டி.பி. முகர்ஜி, ஏ.ஆர். தேசாய், எம்.என். சீனிவாஸ் ஆகிய நால்வரை அது விரிவாகப் பேசுகிறது. நால்வரும் ஆண்கள்.

குர்யேயிடம் பம்பாயில் படித்தவர் ஐராவதி கார்வே. பிறகு பெர்லினில் முனைவர் பட்டம் பெற்று, புணேயின் டெக்கான் கல்லூரியில் பணியாற்றினார். இந்திய உறவுமுறை அமைப்பைப் பற்றிய அவருடைய பெருநூல் 1953இல் வெளிவந்தது. நாட்டை நான்கு உறவுமுறை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மணமான பெண் எங்கே போகிறாள் என்று பார்த்தார். வடக்கே அவள் முன்பின் அறியாத ஊருக்கு, அறியாத மனிதரிடையே போகிறாள். மகளாக இருந்தபோது இருந்த நடமாட்டம் மருமகளுக்கு இல்லை. தெற்கே பலருக்குத் தாய்மாமன் வீடோ அத்தை வீடோதான் புகுந்த வீடு. அப்பாவின் தங்கையையும் மாமியாரையும் நாம் 'அத்தை' என்று ஒரே சொல்லால் அழைப்பது இந்த மணமுறையோடு சேர்ந்த வழக்கம்.

தெரிந்த வீடென்றால் அன்பான வீடு என்பதை நான் ஏற்கமாட்டேன். 'மாமனுக்குத்தான்' என்று தொட்டிலிலேயே முடிவான பெண்ணிடம் சம்மதம் கேட்டவர் யார்? அந்தக் கேள்வியைத் தன் வீட்டை வைத்தே கேட்கக் கார்வேயின் நூல் வழிசெய்கிறது. பதினாறு வயது மாணவிக்கு அந்த அத்தியாயத்தில் அவர் தனியே அறிமுகமாவதில்லை.