மிலானிலிருந்து வந்த கொதிகலன்

என் சித்தப்பா கிள்ளானில் முப்பது ஆண்டுகள் ஒட்டுக்கடை நடத்தியவர். துணிப்பை, தகரக் குவளை, கொதிக்கும் தண்ணீர். அவருடைய காப்பிக்கு அதற்கு மேல் எந்தச் சாமானும் தேவைப்பட்டதில்லை. அவர் மகனுக்கு அது போதவில்லை. சொந்தமாக ஒரு காப்பிக்கடை வைக்க மூன்று ஆண்டுகள் காசு சேர்த்தான். ஒருநாள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். இத்தாலியிலிருந்து ஒருவர் விற்கும் பழைய எஸ்பிரெசோ இயந்திரம். இரண்டு நெம்புகோல்கள், பளபளக்கும் குரோம் உடம்பு, 1960களின் தொடக்கத்தில் செய்தது என்று விவரம். கப்பல் கூலியோடு 14,000 வெள்ளி.

“வாங்கலாமாண்ணே? நீங்கதான் இதெல்லாம் படிப்பீங்களே.”

“அழகா இருக்கு. வாங்கு” என்றேன். அதன் வரலாற்றை நான் படித்தது பணம் போன பிறகு. முன்பே படித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

எஸ்பிரெசோவின் கதை அவசரத்தின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய நகரங்களில் காப்பிக்கடைகள் பெருகின. ஆனால் ஒரு கோப்பை காப்பி வடிந்து முடியச் சில நிமிடங்கள் ஆயின. அந்த நேரத்தைக் குறைக்க நீராவியைப் பயன்படுத்தலாம் என்று 1884இல் துரின் நகரத்தின் ஆஞ்செலோ மோரியோந்தோ காப்புரிமை பெற்றார். அவருடைய இயந்திரம் மொத்தமாகக் காப்பி வடிப்பது. கோப்பை கோப்பையாக, கேட்டவருக்குக் கேட்டவுடன் வடித்துத் தரும் முறையை 1901இல் மிலானின் லூயிஜி பெஸ்ஸேரா பதிவு செய்தார். அந்த உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி, ‘இதேயாலே’ என்ற பெயரில் இயந்திரங்களைச் செய்து விற்றார். 1906இல் மிலானில் நடந்த உலகக் கண்காட்சியில் மக்கள் அதைப் பார்த்தார்கள்.

சித்தப்பாவின் துணிப்பையில் அழுத்தம் என்ற ஒன்றே கிடையாது. தவறினால் கை சுடும், அவ்வளவுதான். மிலான் இயந்திரமோ மூடிய கொதிகலன். உள்ளே நீராவி 1 பார் அளவுக்கு அழுத்தினாலே தண்ணீரின் வெப்பம் 120 பாகை செல்சியஸைத் தொடும். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார் என்பதால் இது சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் டயருக்குள் இருப்பது காற்று. இங்கே கொதிகலன் பிளந்தால், 120 பாகைத் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கணமே நீராவியாகிப் பாயும். அதனால்தான் அழுத்தம் மீறினால் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வு இந்த இயந்திரங்களின் உயிர்நாடி. பழைய இயந்திரத்தில் முதலில் கெட்டுப்போகக்கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று.

கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். இத்தாலியின் பல ஊர்களில் குழாய்நீர் கடினநீர். காய்ச்சக் காய்ச்சச் சுண்ணாம்பு படிந்து கல்லாகும். வால்வின் வாயை அடைக்கும். அழுத்தமானிக்குப் போகும் மெல்லிய குழாயை அடைக்கும். அடைத்துவிட்டால் உள்ளே ஏறும் அழுத்தம் வெளியே முள்ளில் தெரியாது. நம் பக்கத்துத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. கெட்டிலில் கல் படிந்து பார்க்காதவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சில கொதிகலன்களில் ஊசித் துளைகளை மூடிவைத்திருப்பதே அந்தச் சுண்ணாம்புதான். அமிலம் ஊற்றிக் கழுவினால் கசிவு தொடங்கும்.

நீராவியால் மட்டும் தள்ளிய காப்பி கருகிக் கசந்தது. அந்தக் குறையைத் தீர்த்தவர் மிலானில் காப்பிக்கடை வைத்திருந்த அக்கிலே காஜ்ஜா. 1938இல் முதல் காப்புரிமை. போர் முடிந்தபின் 1940களின் கடைசியில் வில்லும் நெம்புகோலும் கொண்ட இயந்திரம். நெம்புகோலைக் கீழே இழுத்தால் உள்ளே வில் சுருங்கும். விட்டால் அது விரிந்து, கொதிக்காத சூட்டில் உள்ள நீரைக் காப்பித்தூளின் வழியே 8, 9 பார் அழுத்தத்தில் தள்ளும். இன்று எஸ்பிரெசோவின் அடையாளமாக நாம் நினைக்கும் பொன்னிற நுரை அப்போதுதான் பிறந்தது.

கூடவே புதிய ஆபத்தும் பிறந்தது. தூள் போடாமல் இழுத்தாலோ, உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலோ வில்லை எதிர்க்க ஒன்றுமில்லை. நெம்புகோல் முழு வேகத்தில் மேலே பாயும். குனிந்து நிற்பவரின் தாடை உயரத்தில்தான் அது இருக்கும்.

1961இல் பாயேமா நிறுவனம் ‘ஈ61’ இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் சூரிய கிரகணத்தை ஒட்டி வைத்த பெயர். வில்லின் வேலையை மின்பம்பு எடுத்துக்கொண்டது. அதன் வடிவத்தைப் பல நிறுவனங்கள் பின்பற்றியதால், அந்த வகைக்கு ரப்பர் வளையங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. தம்பி வாங்கியதோ அந்த வகையல்ல. செய்த பட்டறை எப்போதோ மூடிவிட்டது. ஒரு வளையம் வேண்டுமென்றாலும் அளந்து, புதிதாக வெட்டித்தான் போட வேண்டும்.

இந்த வரிசையைப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: இந்த வரலாற்றில் ஒவ்வொரு கண்டுபிடிப்பும் முந்தையதன் குறையைத் திருத்த வந்தது. பழைய இயந்திரத்தை வாங்குகிறவர் அந்தத் திருத்தங்களுக்கு முந்தைய காலத்தை வாங்குகிறார். விற்பனைப் படத்தில் குரோம் மட்டும்தான் தெரிகிறது.

மின்சாரத்துக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. இத்தாலியக் கடைகளில் பெரிய இயந்திரங்கள் மும்முனை மின்சாரத்தில் ஓடுவது வழக்கம். நம் சிறு கடைகள் பலவற்றில் ஒருமுனைதான். இரண்டு குழாய் இயந்திரம் 4,000 வாட் இழுத்தால் 17 ஆம்பியர் ஆகிறது. நம் சுவர் பிளக் தாங்குவது 13.

ஜப்பானியப் பழைய சாமான் கடையில் வீட்டு இயந்திரம் வாங்குகிறவர்களுக்கு வேறு சிக்கல். அங்கே மின்சாரம் 100 வோல்ட். அதை அப்படியே நம் சுவரில் செருகினால் சூடேற்றும் கம்பியில் ஐந்து மடங்குக்கும் மேல் சக்தி பாயும். வோல்ட்டை மாற்ற டிரான்ஸ்பார்மர் போதும். அதிர்வெண்ணை அது மாற்றாது. 1890களில் தோக்கியோ ஜெர்மன் மின்னாக்கிகளையும் ஒசாகா அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதால் கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. மேற்கத்திய 60க்கென்று செய்த அதிர்வுப் பம்பு நம்முடைய 50இல் அதே வேலையைச் செய்யாது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் யாரோ போட்ட ஒரு கொள்முதல், இன்று நம் சமையலறை வரை வருகிறது.

தம்பியின் இயந்திரம் மார்ச்சில் போர்ட் கிள்ளானுக்கு வந்தது. தெரிந்த வயர்மேன் அண்ணன் பின்தகட்டைக் கழற்றினார். கொதிகலனைச் சுற்றி அழுக்கு வெள்ளையில் பஞ்சுபோல ஒன்று.

“தம்பி, தொடாதீங்க. மூடுங்க மொதல்ல.”

கல்நார் என்று சந்தேகப்பட்டார். ஆஸ்பெஸ்டாஸ். இத்தாலி அதைத் தடை செய்தது 1992இல்தான். அதற்கு முந்தைய இயந்திரங்களில் சூடு தாங்க அதைச் சுற்றியிருப்பார்கள். நார் பறந்து நுரையீரலுக்குள் போனால் அதன் விளைவு தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பரிசோதனைக்குக் கொடுத்தோம். சந்தேகம் சரியாக இருந்தது. முறைப்படி அகற்ற ஆள் வைத்தபின்தான் கொதிகலனின் அடிப்பகுதி தெரிந்தது. மயிரிழை விரிசல்.

“வீடியோவுல ஓடுச்சேண்ணே!”

“எப்ப எடுத்த வீடியோ?”

செப்டம்பரில் எடுத்தது. கப்பலேறியது பிப்ரவரியில். இடையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடங்கில் இருந்திருக்கிறது, தண்ணீரை வடிக்காமல். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருக்கும். செம்பு அதற்கு வழிவிடும். குளிர்காலம் இல்லாத ஊரில் வளர்ந்த எங்களுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. விற்றவர், கப்பலேறிய பின் தனக்குப் பொறுப்பில்லை என்று எழுதினார். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது.

கொதிகலனை ஒட்டி, அழுத்தச் சோதனை செய்து, மின்கம்பிகளை மாற்ற ஆகும் செலவைக் கணக்குப் போட்டால் வாங்கிய விலையை நெருங்கியது. தம்பி விட்டுவிட்டான். எட்டு மாதம் கழித்து, ஷா ஆலாமில் மூடப்போகும் ஒரு கடையிலிருந்து பத்து வயதுள்ள பம்பு இயந்திரத்தை வாங்கினான். இந்த முறை நானும் கூடப் போனேன். குளிர்ந்த நிலையிலிருந்து சூடேறும்வரை உட்கார்ந்து பார்த்தோம். அழுத்தமானி முள் எங்கே நிற்கிறது, வால்வை எப்போது மாற்றினார்கள், என்ன தண்ணீர் ஊற்றினார்கள், பழுது பார்த்தவர் யார் என்று கேட்டோம். பழுது பார்த்தவரையே அழைத்தும் பேசினோம்.

குரோம் இயந்திரம் சித்தப்பா வீட்டுக் கார் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. போன வாரம் பசியாறப் போயிருந்தபோது அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு மகனைக் கேட்டார்.

“இதுல எத்தன கப்பு போட்ட?”

“ஒன்னுகூடப் போடலப்பா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் துணிப்பையை அலசி, எங்கள் மூவருக்கும் காப்பி ஊற்றினார்.