முகவாதம்: குணமும் சான்றும்

திருவனந்தபுரத்தில் ஒருவருக்குத் திடீரென முகத்தின் ஒருபக்கம் செயலிழந்தால், ‘முகம் கோடிப்போயி’ என்பர். வளைதலைக் குறிக்கும் ‘கோடுதல்’ பழந்தமிழிலும் உள்ள சொல். தமிழ் வழக்கில் இந்நோய் முகவாதம். இந்நகரில் நோயாளிக்கு இரண்டு வாயில்கள் திறந்திருக்கின்றன. ஒன்று, 1889இல் ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் பாடசாலையாகத் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி. மற்றொன்று, 1951இல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி. இவ்விரு மரபுகளும் இந்நோயை எவ்வாறு அறிந்தன?

ஆயுர்வேதம் இதனை அர்திதம் என்றது. இமைக்காத கண்ணையும் தெளிவற்ற பேச்சையும் நோய் தீராமைக்கான அடையாளங்களாகச் சுஸ்ருத சம்ஹிதை கூறுகிறது. கூர்மையான கவனிப்பு இது. கேரள வைத்தியர்கள் பெரிதும் போற்றும் அஷ்டாங்க ஹிருதயமும் இதனை வாதநோய்களுள் வைத்து விவரிக்கிறது. நசியமும், குறுந்தோட்டி சேர்த்த பாலின் ஆவியை முகத்தில் பிடிக்கும் க்ஷீரதூமமும் இங்கு வழங்கும் சிகிச்சைகள்.

ஐரோப்பாவின் அறிவும் நெடுங்காலம் குறைபட்டே இருந்தது. கடும் முகவலியைப் போக்கச் சில அறுவை மருத்துவர்கள் ஏழாம் நரம்பை வெட்டினர். வலி நீங்கவில்லை, முகம் செயலிழந்தது. முகத்தின் அசைவுக்கும் உணர்ச்சிக்கும் வெவ்வேறு நரம்புகள் உண்டென்பதைச் சார்லஸ் பெல் 1821 முதல் எழுதிய கட்டுரைகள் தெளிவுபடுத்தத் தொடங்கின. நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

ஆயினும் பெயரிடுதல் வேறு, குணப்படுத்துதல் வேறு. கோபன்ஹேகனில் 25 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. மருந்தின்றி விடப்பட்ட 1,701 பெல் வாத நோயாளிகளுள் 71 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறினர். எனவே எச்சிகிச்சை அளித்தாலும் பத்தில் ஏழுபேர் அதனைப் புகழ்வர். இந்நோயின் வரலாற்றை எழுதுவோர் ‘குணமடைந்தார்’ என்னும் ஏட்டுக் குறிப்பை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது, ஒப்பீடு வேண்டும்.

அவ்வொப்பீட்டை 2007இல் வெளிவந்த ஸ்காட்லாந்து ஆய்வு தந்தது. 72 மணிநேரத்துக்குள் பிரெட்னிசோலோன் பெற்றோருள் 94.4 விழுக்காட்டினரும், பெறாதோருள் 81.6 விழுக்காட்டினரும் ஒன்பது மாதங்களில் முழுமையாகத் தேறியிருந்தனர்.

இவ்விடைவெளிதான் நோயாளி காலந்தாழ்த்துவதால் இழப்பது. மூடாத கண் உலர்ந்து புண்படலாம்; பகலில் சொட்டுமருந்தும் இரவில் மூடிக்கட்டுதலும் தேவை. கை தளர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ அது மூளைப் பக்கவாதமாகலாம். அப்போது நொடியும் தாமதிக்கலாகாது. எந்த மரபின்மீது பற்றுடையோராயினும் முதல் மூன்று நாள்களுக்குள் மருத்துவரிடம் முகத்தைக் காட்டிவிட வேண்டும். மரபுகளைப் பற்றிய விவாதத்தை அதன்பின் தொடரலாம்.