பிள்ளையார் சுழி

ஒரு செயலைத் தொடங்குவதைக் குறிக்கும் தமிழ் மரபுத்தொடர். எழுதப் புகுமுன் தாளின் உச்சியில் இடும் 'உ' போன்ற குறியிலிருந்து பிறந்தது. கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், கணக்கு நோட்டு, மளிகைச் சீட்டு என எதிலும் முதலில் விழுவது இதுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையிலுள்ள அஞ்செட்டி வட்டாரத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்குகின்றன. தமிழர் பிள்ளையார் சுழி போடுவதைத் தெலுங்கில் 'ஸ்ரீகாரம் சுட்டு' என்பர். கன்னடத்தில் 'ஸ்ரீகார ஹாகு'. தெலுங்குச் 'சுட்டு' நம் 'சுற்று'க்கு உறவு. எழுதும் கை வளைவது அங்கும் நிற்கிறது. தெய்வப் பெயர் வேறானாலும், தொடங்குவது என்றால் முதற்குறி எழுதுவது என்ற எண்ணம் மூன்றுக்கும் பொது. ஆங்கிலத்தில் முதலிலிருந்து தொடங்குவதைச் சொல்லும் 'ஸ்டார்ட் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' தொடரில் வரும் 'ஸ்க்ராட்ச்' ஓட்டப்பந்தயத்துக்குத் தரையில் கிழித்த கோடு. நம் தொடர் ஏட்டிலிருந்து வந்தது.

தோற்றம் பற்றிப் பல விளக்கங்கள் உண்டு. உமையின் முதலெழுத்து என்பர் சிலர். ஓங்காரத்தின் சுருக்கம் என்பர் சிலர். பரவலாகச் சொல்லப்படுவது ஓலைச்சுவடி விளக்கம்: வட்டம், வளைவு, நேர்கோடு மூன்றையும் ஒரே இழுப்பில் போட்டுப் பார்த்தால் எழுத்தாணியின் கூர்மையும் ஓலையின் பதமும் தெரிந்துவிடும். ஏடெழுதியவர்களின் கைப்பழக்கத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இதுவே முழு விடை ஆகாது. ஓலைக்கு மட்டுமின்றிக் கல்லுக்கும் செப்பேட்டுக்கும் இந்தியா முழுதும் இத்தகைய முதற்குறிகள் இருந்தன. வங்காளச் சுவடிகளின் தலைப்பில் 'ஆஞ்ஜி' என்ற வளைகோடு வரும். 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, இந்துக்கள் நூல்களை ஓங்காரத்தோடு தொடங்குவதையும், அதன் உரு எழுத்துகளால் ஆகாத தனி வடிவம் என்பதையும் குறித்துவைத்தார். சங்க நூல்களிலோ பிள்ளையார் வழிபாடே இல்லை. ஆகவே முதற்குறி இடும் வழக்கம் பரந்தது, பழையது. விநாயகர் வழிபாடு தமிழகத்தில் வேரூன்றிய பிறகு அவர் பெயர் அதன்மேல் ஏறியது என்று கொள்வதே பொருத்தம்.

தமிழ் முஸ்லிம்கள் பலர் தாளின் உச்சியில் 786 எழுதுவர். கிறித்தவர்கள் சிலுவை இடுவர். ஆனால் பேச்சில் தொடர் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. நல்ல காரியத்துக்கு மட்டுமல்ல. ஊர்ச் சண்டையில் முதல் வார்த்தையை விட்டவரையும் 'பிள்ளையார் சுழி போட்டது நீதானே' என்றுதான் கேட்பார்கள்.