செயற்கைக்கோளுக்கு மொழி எல்லை உண்டா? மைசூர் மைன்ஸை முன்வைத்துச் சில குறிப்புகள்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில், மாரிகுப்பத்தை ஒட்டிய லைன் வீடுகளின் கூரைகளில் இன்று டிஷ் ஆன்டெனாக்களைக் காணலாம். அவற்றைத் தமிழ் ஊடக வரலாற்றின் சான்றுகளாகவும் படிக்க முடியும்.

1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் திரளாக வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அது சுரங்க எந்திரங்களுக்காக வந்தது. புதிய தொழில்நுட்பம் இவ்வூருக்குத் தாமதமாக வந்ததில்லை. யாருக்காக வந்தது என்பதே கேள்வி.

1956-இல் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நீடித்தது. தமிழ் இங்கே தெருவின் மொழியாகவும் கன்னடம் அரசின் மொழியாகவும் அமைந்தன.

தொலைக்காட்சியும் இந்த எல்லையைப் பின்பற்றியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. ஆனால் தரைக் கோபுர அலைபரப்பின் வீச்சு குறுகியது. 1983-இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி நாடு முழுவதையும் தன் கற்றைக்குள் கொண்டுவந்தது. எனினும் அதன் நிகழ்ச்சிகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தவை தூர்தர்ஷனின் தரை அஞ்சல் நிலையங்களே. மாநில மொழி ஒளிபரப்பு அந்தந்த மாநிலத்து நிலையங்களின் வழியே சென்றது. எல்லை வானில் இல்லை, தரையில் இருந்தது.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியபின் இந்நிலை மாறியது. செயற்கைக்கோள் அலைவரிசையைப் பெறக் கேபிள்காரரிடம் ஒரு பெரிய டிஷ் இருந்தால் போதும். எந்த மொழி வீட்டுக்குள் வரும் என்பதை மாநில எல்லை தீர்மானிக்கவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தமிழ்த் தொலைக்காட்சி வீட்டுக்குள் நிலைபெற்ற அதே காலத்தில், அம்மொழி பேசுவோரை இங்கே குடியமர்த்திய தொழில் முடிவுக்கு வந்தது. 2007-இல் இன்சாட்-4பி, 93.5 பாகை கிழக்கில் நிலைகொண்டு, வீட்டுக்கு நேரடி ஒளிபரப்பைத் தந்தது. அதை நோக்கிய டிஷ் இவ்வூரில் தென்கிழக்காகத் திரும்பியிருக்கும். முன்னோரில் பலர் புறப்பட்டு வந்த திசையும் ஏறத்தாழ அதுவே.

ஆனால் இது ஒருவழிப் பாதை. வந்து சேர்ந்தது சென்னையில் உருவான ஊடகத் தமிழ். கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலச் சுரங்கச் சொற்களும் கலந்த தங்கவயல் தமிழ் மேலே செல்ல வழி இருக்கவில்லை. 2018-இல் ஏவப்பட்ட 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11 போன்ற அகலக்கற்றைக் கோள்கள் பல குறுங்கற்றைகளால் இருவழித் தொடர்பைத் தருகின்றன. இவ்வூருக்கு அந்த இருவழி வசதி பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மொழிச் சிறுபான்மையினரின் ஊடக வரலாற்றை எழுதும்போது, அவர்கள் எதைப் பெற்றார்கள் என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். எதை அனுப்ப முடிந்தது என்பதையும் கேட்க வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. அவர்களின் பேச்சைப் பதிவுசெய்ய விரும்பும் மாணவர்கள் இனியும் காத்திருக்கலாகாது.