உம்மாமார் சுமந்த பழி

பிள்ளை பேசப் பிந்தினால், முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், நம்ம ஊரில் முதலில் விசாரிக்கப்படுவது உம்மாதான். "போனைக் குடுத்து வளர்த்திருப்பா" என்பார்கள். இந்தப் பழியைத் தொடங்கி வைத்தவர்கள் படித்தவர்கள்.

1943 இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வைத்தியர் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் ஓட்டிசம் என்ற பெயர் நிலைத்தது. (அந்த வீடுகளில் ஸ்மார்ட்போன் இருக்கவில்லை!) இது பிறவியிலேயே வருவது என்றே அவர் முடித்திருந்தார். ஆனால் அந்தப் பெற்றோரிடம் பாசம் குறைவு என்றும் எழுதிவைத்தார். உலகம் பிடித்துக்கொண்டது அதைத்தான். "குளிர்சாதனப் பெட்டித் தாய்" என்ற பட்டமே பரவியது. 1967 இல் சிக்காகோவின் புரூனோ பெட்டல்ஹைம், இப்பிள்ளைகளை நாஜி முகாம் கைதிகளோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். அவரே அம்முகாம்களில் இருந்தவர் என்பதால் பேச்சு எடுபட்டது. அப்படியானால் தாய் யார், முகாம் காவலாளியா?

எதிர்த்து எழுதியவர் ஒரு வாப்பா. உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்டின் மகனுக்கு ஓட்டிசம். காரணம் உடலில்தான் இருக்கிறது என்று 1964 இலேயே அவர் நூல் எழுதினார். முன்னுரை கொடுத்தவர் கானர்! 1969 இல் பெற்றோர் கூட்டமொன்றில், உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று கானர் பகிரங்கமாகவே சொன்னார்.

1977 இல் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒத்த இரட்டையர் 11 சோடியில் 4 இல் இருவருக்கும் ஓட்டிசம். மற்ற 10 சோடியில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரு வகையிலும் சோடிக்கு ஒரே தாய்தானே, வித்தியாசம் பரம்பரையலகில். 2019 இல் ஐந்து நாடுகளில் 20 இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தபோது பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 80 வீதம் எனத் தெரிந்தது.