சிவப்பு மையும் குரலும்

போன வருஷம் ஒரு பொறியியல் மாணவிக்கு இறுதியாண்டு ப்ராஜெக்டில் உதவிக்கொண்டிருந்தேன். அவர் அனுப்பிய நிரலில் ஓரிடத்தில் "ஏன் இப்படி?" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். இரண்டு வாரம் பதிலே இல்லை. பிறகு அதே கேள்வியை மொபைலில் நாலு நிமிஷம் பேசிப் பதிந்து அனுப்பினேன். "சார், நீங்க திட்டலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்று பதில் வந்தது.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன்.

எடிசன் ஃபோனோகிராஃபைச் செய்தது 1877இல். அடுத்த வருஷமே 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' இதழில் அதன் பயன்களைப் பட்டியல் போட்டார். ஆசிரியரின் விளக்கத்தைப் பதிந்துவைத்தால் மாணவர் வேண்டும்போது திரும்பக் கேட்கலாம் என்பதும் அதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அன்றைய தகரத்தாள் பதிவு சில தடவை ஓட்டினாலே தேய்ந்துவிடும்!

1963இல் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தபாலில் கேசட் அனுப்பிப் பாடம் நடத்தியது. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே பாடம். கட்டுரை திருத்தும்போது கேசட்டில் பேசிக் கொடுத்த ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆளுக்கொரு கேசட் வேண்டும், வேண்டிய இடத்தைத் தேடிச் சுற்ற வேண்டும். அதனால் பெரிதாகப் பரவவில்லை.

எம்பி3 வந்ததும் நிலைமை மாறியது. 2007இல் ஃபில் ஐஸும் சகாக்களும் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். எழுத்தைவிடக் குரலில் வந்த கருத்துகளை மாணவர்கள் தங்கள் வேலையில் அதிகம் பயன்படுத்தினார்கள் என்றது அது. 2008இல் லீட்ஸ் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் பாப் ராதரம் 'சவுண்ட்ஸ் குட்' திட்டத்தைத் தொடங்கினார். நேரமும் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு. மாணவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் நேரம் எல்லா ஆசிரியர்களுக்கும் மிச்சமாகவில்லை. மெதுவாக எழுதி, வேகமாகப் பேசி, விரிவாகக் கருத்துச் சொல்பவர்களுக்குத்தான் லாபம்.

குரலுக்கும் குறை உண்டு. எழுத்து மாதிரி கண்ணை ஓட்டித் தேட முடியாது. காது கேளாத மாணவருக்கு அது உதவவே உதவாது.

அதனால் இப்போது இரண்டையும் கலந்து செய்கிறேன். எந்த வரியில் பிழை என்பதை எழுதிவிடுவேன். ஏன் பிழை என்பதைப் பேசி அனுப்புவேன். "ஏன் இப்படி?" என்பதை மட்டும் எழுதுவதே இல்லை.